கம்ப்யூட்டரா, கன்சோலா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி நான்கு ரோடு, கிருஷ்ணகிரி ரவுண்டானா, ஓசூர் என்று எங்கே கம்ப்யூட்டர் கடை வாசலில் நின்றாலும் இதே சந்தேகங்கள்தான் காதில் விழுகின்றன. கேட்பவர் பிளஸ் டூ முடித்த பையனாக இருப்பார், அவனோடு வந்த அப்பாவாக இருப்பார், சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வாங்கியவராக இருப்பார். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே வைத்திருக்கிறோம். கன்சோல் என்பது டி.வி-யில் மாட்டி ஆடுவதற்கென்றே செய்த பெட்டி; பி.எஸ்.5 என்பது சோனியின் பிளேஸ்டேஷன் 5. பாகங்களின் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், விலையைவிட அளவையும் காரணத்தையும்தான் அதிகம் சொல்லியிருக்கிறோம்.

பி.எஸ்.5 எல்லாம் வந்த பிறகு கம்ப்யூட்டர்ல கேம் ஆடறதே குறைஞ்சு போச்சாமே, நெசமா?

இல்லை. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் பெரிய இணையக் கடை ஸ்டீம். 2003 செப்டம்பரில் தொடங்கியது. அதில் ஒரே நேரத்தில் இணைந்திருந்தவர்களின் உச்ச எண்ணிக்கை 2020 மார்ச்சில் 2 கோடியைத் தாண்டியது, 2022 அக்டோபரில் 3 கோடியை, 2025 மார்ச்சில் 4 கோடியை. பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தது 2020 நவம்பரில். கன்சோல் சூடுபிடித்த அதே ஐந்து வருடத்தில்தான் இந்தப் பக்கமும் இரட்டிப்பாகியிருக்கிறது. வாலோரன்ட் மாதிரி ஸ்டீமுக்கு வெளியே ஓடும் ஆட்டங்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

கன்சோலின் செல்வாக்கும் புதிதல்ல. 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 உலகம் முழுக்க 16 கோடிக்கு மேல் விற்றது. அப்போதும் "கம்ப்யூட்டர் கேம் முடிந்தது" என்றார்கள்.

அப்புறம் ஏன் எங்க ஊர்ல இருந்த கேம் சென்டர் எல்லாம் மூடிட்டாங்க? கடையில கேம் சி.டி கூட கிடைக்கல?

கண்ணில் படும் இடத்திலிருந்து ஆட்டம் நகர்ந்துவிட்டது, அதனால்தான் செத்துப்போன மாதிரித் தெரிகிறது. பிரௌசிங் சென்டரில் நாலு கம்ப்யூட்டரை ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இணைத்து கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடினார்கள். வீட்டுக்கு வேகமான இன்டர்நெட் வந்ததும் அந்த மணிக்கணக்கு வாடகைக்கு வேலை இல்லை. சி.டி.யும் அப்படித்தான்: விற்பனை முழுக்க டவுன்லோடுக்குப் போய்விட்டது.

நம் பக்கத்தில் கம்ப்யூட்டரிடமிருந்து ஆளை இழுத்தது கன்சோல் அல்ல, செல்போன். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை, 2021-இல் பி.ஜி.எம்.ஐ என்று மறுவருகை, 2022 ஜூலையில் மறுபடி நீக்கம், 2023 மே மாதம் திரும்பவும் அனுமதி. இத்தனைக்கு நடுவிலும் அரூரிலிருந்து ஊத்தங்கரை வரை பேருந்தில் பாருங்கள், பையன்கள் கையில் அதுதான். கன்சோலா கம்ப்யூட்டரா என்று இன்று கேட்பவர்களில் பெரும்பாலோர் செல்போனில் ஆடிப் பழகி, பெரிய திரைக்கு வர நினைப்பவர்கள்.

கன்சோலும் உள்ளுக்குள்ள கம்ப்யூட்டர்தானே? அப்புறம் என்ன வித்தியாசம்?

சரியான கேள்வி. பி.எஸ்.5-க்குள் இருப்பது ஏ.எம்.டி நிறுவனத்தின் 8 கோர் ஜென் 2 பிராசஸர், ஆர்.டி.என்.ஏ 2 வகை கிராபிக்ஸ், இரண்டுக்கும் பொதுவாக 16 ஜி.பி நினைவகம். நம் மேஜைக் கம்ப்யூட்டரில் போடும் ஏ.எம்.டி-யின் ரைசன் பிராசஸருக்கு உறவுதான். 2006-இல் வந்த பி.எஸ்.3-இல் இருந்த 'செல்' என்ற பெயருள்ள பிராசஸர் முற்றிலும் வேறு ஜாதி. அதற்கு எழுதிய ஆட்டத்தை கம்ப்யூட்டருக்கு மாற்றுவது பெரும்பாடு. 2013-இல் பி.எஸ்.4 வந்தபோதே அந்தச் சுவர் இடிந்தது.

வித்தியாசம் பூட்டில் இருக்கிறது. கன்சோலில் எல்லோருக்கும் ஒரே பாகம் என்பதால், ஆட்டம் செய்பவர் அதற்கென்றே அளந்து தைக்கிறார். வாங்கியவருக்கு அமைப்பு வேலை ஒன்றும் இல்லை. ஆனால் எந்தக் கடையில் ஆட்டம் வாங்குவது, எதை மாற்றுவது என்பதெல்லாம் கம்பெனி கையில். கம்ப்யூட்டரில் பாகத்தை மாற்றலாம், விலை இறங்கும் கடையில் வாங்கலாம், அதே பெட்டியில் டேலியும் ஆட்டோகேடும் ஓடும். அதற்குக் கூலியாக, கோளாறு வந்தால் நீங்கள்தான் தேட வேண்டும்.

பெரிய கேம் எல்லாம் கன்சோலுக்குத்தானே முதல்ல வருது?

சிலது, ஆமாம். ஜி.டி.ஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜி.டி.ஏ 6-உம் முதலில் கன்சோலுக்கென்றுதான் அறிவிக்கப்பட்டது. அது வந்த அன்றே ஆடியாக வேண்டும் என்பவருக்கு இந்தப் பக்கத்தில் மற்ற பதில்கள் தேவையில்லை, கன்சோல்தான்.

ஆனால் காத்து மாறி அடிக்கிறது. ஹொரைசன் ஜீரோ டான் 2020-இல், காட் ஆஃப் வார் 2022-இல், கோஸ்ட் ஆஃப் சுஷிமா 2024-இல் என்று சோனியின் சொந்த ஆட்டங்களே கம்ப்யூட்டருக்கு வந்தன. ஹெல்டைவர்ஸ் 2 இரண்டுக்கும் ஒரே நாளில் வந்தது. மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸிலும் கம்ப்யூட்டரிலும் மட்டும் இருந்த ஃபோர்ஸா ஹொரைசன் 5, 2025 ஏப்ரலில் பி.எஸ்.5-க்கே போனது. மறுபுறம் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 கன்சோலில் இன்றுவரை கிடையாது.

கையில அறுபதாயிரம் இருக்கு. பையன் கம்ப்யூட்டர் கேக்கறான், கடைக்காரர் பி.எஸ்.5 சொல்றாரு. எதை வாங்கட்டும்?

முதலில் ஒன்றைப் பாருங்கள்: வீட்டில் வேறு கம்ப்யூட்டர் இருக்கிறதா? கல்லூரிப் பாடம், கோடிங், வீடியோ எடிட்டிங், கடைக் கணக்கு என்று எதற்காவது ஒன்று வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்தப் பணத்தையும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டராக வாங்குவது லாபம். நல்ல லேப்டாப் ஏற்கெனவே இருக்கிறது, ஹாலில் 4கே டி.வி இருக்கிறது, ஆட வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் கன்சோல். 2021 பிப்ரவரியில் டிஸ்க் போடும் பி.எஸ்.5 இங்கே 49,990 ரூபாய்க்கு வந்தது, பிறகு 54,990 ஆனது. அந்தத் தொகைக்கு அதற்கு இணையாக ஓடும் புதுக் கம்ப்யூட்டரைச் சேர்க்க முடியாது. இதை மறைத்துப் பேசுவது சரியல்ல.

கம்ப்யூட்டர்தான் என்று முடிவானால், 1080பி (ஃபுல் எச்.டி) திரைக்குப் போதுமான சேர்க்கை இது: ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5 12400எஃப், 16 ஜி.பி ராம் (8 ஜி.பி இரண்டாக), 1 டி.பி என்.வி.எம்.இ எஸ்.எஸ்.டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பு), 8 ஜி.பி நினைவகம் உள்ள ஆர்.எக்ஸ் 6600 அல்லது ஆர்.டி.எக்ஸ் 4060 வகுப்பு கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் வரையும் பாகம்), பெயருள்ள கம்பெனியின் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் (பாகங்களுக்குக் கரண்ட் தரும் பெட்டி). ஏ.ஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. அதனால் மானிட்டரோடு 60,000-க்குள் முடிப்பது இழுபறிதான். குறைக்க வேண்டுமென்றால் கேபினட் விளக்குகளில் குறையுங்கள், பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள். எஸ்.எம்.பி.எஸ்-இல் கை வைக்காதீர்கள். அது ஏன் என்பது கரண்ட் பற்றிய பதிலில் இருக்கிறது.

கன்சோல்ல ஒரு தடவை காசு போட்டா முடிஞ்சது, கம்ப்யூட்டர்ல போட்டுக்கிட்டே இருக்கணுமாமே?

பெரும்பாலும் தலைகீழ். பி.எஸ்.5-இல் விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்தை நண்பர்களோடு ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச ஆட்டங்களுக்கு மட்டும் விலக்கு. கம்ப்யூட்டரில் இந்தக் கட்டணமே இல்லை. ஸ்டீமில் ரூபாயில் விலை, ஜூன் கடைசியிலும் டிசம்பரிலும் பெரிய தள்ளுபடி. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா என்று சோதிக்க நேர்மையான வழி அதுதான்.

கன்சோலுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு, அது டிஸ்க். முடித்த ஆட்டத்தை விற்றுவிடலாம், பழையதைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். விலை குறைவு என்று, டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் எடிஷன் வாங்கினால் இந்தக் கதவு அடைபடும். மாதம் ஒரு ஆட்டம் முடிப்பவருக்கு டிஸ்க் மாடலின் கூடுதல் விலை சீக்கிரம் கழிந்துவிடும்.

கார்டே இல்லாம, வெறும் பிராசஸர்ல ஆட முடியுமா?

முடியும், பிராசஸருக்குள்ளேயே நல்ல கிராபிக்ஸ் இருந்தால். ரைசன் 5 5600ஜி-யில் வாலோரன்டும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் ஜி.டி.ஏ 5-உம் அமைப்பைக் குறைத்து வைத்தால் ஆடும்படி ஓடும். 8600ஜி இன்னும் ஒரு படி மேலே. இங்கே ராம் இரண்டு குச்சியாக இருப்பது கட்டாயம், ஏனென்றால் கிராபிக்ஸ் தன் நினைவகத்தை ராமிலிருந்துதான் எடுக்கிறது. ஒற்றை 16 ஜி.பி போட்டால் பாதை பாதியாகி, படம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சிக்கும். பிறகு காசு சேர்ந்ததும் கார்டு போட்டுக்கொள்ளலாம். பட்ஜெட் இறுக்கமாக இருப்பவருக்கு இதுதான் எங்கள் முதல் ஆலோசனை.

ஸ்கூல்ல குடுத்த அரசு லேப்டாப்புல ஏதாச்சும் ஓடுமா?

2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த ஆரம்பகால லேப்டாப்புகளில் புதிய ஆட்டம் எதுவும் வேண்டாம். ஸ்டீம் 2024 ஜனவரி முதல் விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டுவிட்டது, அதனால் முதலில் விண்டோஸ் 10 ஏற்ற வேண்டும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி போடுங்கள், ராமை 8 ஜி.பி ஆக்குங்கள். ராம் வாங்கும் முன் பழைய குச்சியின் ஸ்டிக்கரைப் படியுங்கள், டி.டி.ஆர்3 என்று எழுதியிருந்தால் டி.டி.ஆர்4 அந்த இடத்தில் உட்காராது. வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, ஸ்டார்ட்யூ வேலி ஆகியவை நன்றாகவே ஓடும்.

எஸ்.பி ரோட்டுல பழைய கார்டு பாதி விலைக்கு சொல்றாங்க. வாங்கலாமா?

வாங்கலாம், ஓட்டிக் காட்டினால். ஓசூரிலிருந்து பெங்களூரு எஸ்.பி ரோடு சுமார் 40 கிலோமீட்டர்தான் என்பதால் நிறையப் பேர் போகிறார்கள், ஏமாந்தும் வருகிறார்கள். கம்ப்யூட்டரில் மாட்டி ஜி.பி.யூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய சிப்பில் பெயரை மட்டும் மாற்றி எழுதிய போலிக் கார்டு என்றால், பல நேரம் பெயருக்கு முன்னால் போலி என்று அதுவே காட்டிவிடும்.

பெயர் சரியாக இருந்தாலும் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சிறு கூறு) எண்ணிக்கையைப் பாருங்கள். உண்மையான ஆர்.எக்ஸ் 580-க்கு 2304. அங்கே 2048 என்று இருந்தால், அது ஆர்.எக்ஸ் 570-க்குச் சமமான, சீனச் சந்தைக்கு வந்த வகை. 580 விலை கொடுக்கக் கூடாது. பிறகு 15 நிமிடம் கனமான சோதனை ஓட்டுங்கள். திரையில் புள்ளி புள்ளியாக நிறம் சிதறினால் நினைவகம் போய்விட்டது. வெப்பம் 85 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்துவிடலாம். பின்பக்கத் திருகில் கீறல் இருந்தால் திறந்த கார்டு என்று அர்த்தம், விலையில் பேசுங்கள்.

எங்க ஊர்ல மோட்டார் போட்டா லைட்டே மங்குது. இதுல எது தாங்கும்?

வோல்டேஜ் குறைவது பெரிய ஆபத்தல்ல. நல்ல எஸ்.எம்.பி.எஸ் 100 முதல் 240 வோல்ட் வரை சமாளிக்கும். மலிவான லோக்கல் பெட்டிதான் 180-க்குக் கீழே போனால் அணைந்து எழும், சில நேரம் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். உண்மையான எதிரி நியூட்ரல் அறுவது. மும்முனை லைனில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், வீட்டுக்கு வரும் 230 வோல்ட் 400-ஐ நோக்கி ஏறக்கூடும். ஓவர்லோடில் விழும் எம்.சி.பி சுவிட்ச் இதைத் தடுக்காது. அளவுக்கு மேல் ஏறினால் துண்டிக்கும் வோல்டேஜ் புரொடெக்டர் ஒன்றை லைனில் போட எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். கன்சோலுக்கும் இது அவசியம்.

யூ.பி.எஸ்: வழக்கமாகத் தலையில் கட்டும் 600 வி.ஏ பெட்டி சுமார் 360 வாட்தான் தரும். ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் அது கீச்சென்று கத்திவிட்டு அணையும். 1000 அல்லது 1100 வி.ஏ வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், பின்னால் இருக்கும் சுவிட்ச் யூ.பி.எஸ் நிலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாறும் அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள், 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. நம் பக்கம் பாறை நிலம், சித்திரை வெயிலில் எர்த் குழி வறண்டு வேலையே செய்யாது. மாதம் இரண்டு முறை குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், உப்பும் கரியும் கரைந்துபோயிருந்தால் மாற்றுங்கள்.

கரண்ட் பில் எவ்ளோ ஏறும்?

தினம் 3 மணி நேரம் என்றால், இரண்டு மாத பில்லுக்கு 180 மணி நேரம். மானிட்டரோடு 300 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 54 யூனிட். பி.எஸ்.5 சுமார் 200 வாட், 43 அங்குல டி.வி ஒரு 80 வாட், ஆக 50 யூனிட். ஏறத்தாழ ஒன்றுதான். உங்கள் வீடு ஏற்கெனவே 470 யூனிட் பக்கம் நின்றால் கவனியுங்கள்: 500-ஐத் தாண்டியதும் கீழ் அடுக்கின் மானியமும் குறைவதால் பில் குதிக்கும்.

வெயில், கிரானைட் தூசி. எவ்ளோ நாளைக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணணும்?

குவாரி, கிரஷர் பக்கம் இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஓசூர் மாதிரி ஊரில் நாலைந்து மாதம். தூசி போகக் காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அது வேண்டாம்.

பி.எஸ்.5-ஐ முழுக்கப் பிரிக்காதீர்கள். பிராசஸர் மேல் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. சிந்தினால் போர்டு ஷார்ட் ஆகும். பக்கத் தகட்டை மட்டும் கழற்றினால் தூசி சேரும் துளைகள் தெரியும், வேக்வம் கிளீனரால் உறிஞ்சினால் போதும். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். டி.வி ஷோகேஸ் கண்ணாடிக்குள் அடைத்து வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு.

புதுசா கார்டு போட்டும் ஆட்டம் திக்கித் திக்கி ஓடுது. ஏமாத்திட்டாங்களா?

முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். மதர்போர்டில் மேலே இருக்கும் ஓட்டையில் செருகியிருந்தால் கார்டு சும்மா கிடக்கும். கீழே, கார்டில் இருக்கும் ஓட்டையில்தான் செருக வேண்டும். அடுத்து, நாலு இடம் உள்ள போர்டில் இரண்டு ராம் குச்சிகளும் பிராசஸரிலிருந்து எண்ணினால் 2, 4-ஆவது இடத்தில் இருக்க வேண்டும். பயாஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்.எம்.பி என்ற, ராமை முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை ஆன் செய்யாவிட்டால் 3200 ராம் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும். நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்களில் பலர் விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் 60-லேயே விட்டு வைத்திருக்கிறார்கள். இந்த நாலையும் பார்த்த பிறகு கடைக்காரரிடம் போங்கள்.

வாலோரன்ட் திறந்தா வேன் 9003-னு வருது. ஃபார்மட் பண்ணணுமா?

வேண்டாம். அது செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் காவல்) அணைந்திருக்கிறது என்று சொல்லும் எண். வேன் 9001 வந்தால் டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. இரண்டும் பயாஸில் இருக்கின்றன, ஆனால் அவசரப்பட்டு மாற்றினால் கம்ப்யூட்டர் எழாது. முதலில் விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து பயாஸ் மோடு என்ன என்று பாருங்கள். யூ.இ.எஃப்.ஐ என்றால் நேராகப் போகலாம். லெகசி என்றால் டிஸ்க் பழைய எம்.பி.ஆர் முறையில் இருக்கிறது. விண்டோஸோடு வரும் எம்.பி.ஆர்2ஜி.பி.டி கருவியால் முதலில் அதை மாற்ற வேண்டும். முக்கியமான கோப்புகளை பென் டிரைவில் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரிகவரி கீயையும் எழுதி வையுங்கள்.

பிறகு பயாஸில் லெகசி முறைக்கான சி.எஸ்.எம்-ஐ அணையுங்கள், ஏ.எம்.டி என்றால் எஃப்.டி.பி.எம், இன்டெல் என்றால் பி.டி.டி என்ற பெயரில் இருக்கும் டி.பி.எம்-ஐ ஆன் செய்யுங்கள், கடைசியில் செக்யூர் பூட். 2025-இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 6-உம் இதையே கேட்கிறது. கன்சோல்காரருக்கு இந்தத் தலைவலி கிடையாது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு கேம் 150 ஜி.பி-ங்கறாங்க. செல்போன் நெட்டுல இறக்க முடியுமா?

பால்டர்ஸ் கேட் 3 அந்த அளவுதான் கேட்கிறது. தினம் 2 ஜி.பி என்றால் 75 நாள். ஃபைபர் இல்லாமல் இரண்டில் எதையும் வாங்காதீர்கள். 50 எம்.பி.பி.எஸ் லைனில் அதே ஆட்டம் ஏழு மணி நேரத்துக்குள் இறங்கும். ஃபைபர் எட்டாத மலைக் கிராமத்தில், ஸ்டீம் ஆட்டத்தை நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் நகலெடுத்து வரலாம். ஆட்டம் உங்கள் கணக்கிலும் வாங்கப்பட்டிருக்க வேண்டும். மிச்சத்தை ஸ்டீம் சரிபார்த்துக்கொள்ளும்.

ரிப்பேர் வந்தா எங்க போறது?

கன்சோலுக்கு வாரண்டி ஒரு வருடம், பழுதானால் முழுப் பெட்டியும் போக வேண்டும். கம்ப்யூட்டரில் பழுதான பாகம் மட்டும் போகும். கார்டுக்குப் பெரும்பாலும் 3 வருடம். நம் மாவட்டங்களிலிருந்து பல கம்பெனிகளின் சர்வீஸுக்கு சேலமோ பெங்களூருவோ போக வேண்டியிருக்கும். ஜி.எஸ்.டி பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். வாங்கும் அன்றே பில்லை செல்போனில் படம் எடுத்து வையுங்கள், அந்த மை ஒரு வருடத்தில் வெளுத்துவிடும்.

இன்னும் அஞ்சு வருஷத்துல கம்ப்யூட்டர் கேம் இருக்குமா, இல்ல இப்ப போடற காசு வீணா?

ஆட்டமும் ஆட்களும் குறையவில்லை என்பதை முதல் பதிலில் பார்த்தோம். குறைவது மலிவாக உள்ளே நுழையும் வழி. ராம் விலை ஒரு பக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது இன்னொரு பக்கம். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும் என்பதால் பழைய கம்ப்யூட்டரைத் தேற்றிக்கொண்டிருந்த பலர் வெளியே நிற்கிறார்கள். இப்போது வாங்குபவர், இனி மாற்ற முடிகிற மாதிரி வாங்க வேண்டும்: ஏ.எம்.டி-யின் புதிய பிராசஸர்கள் உட்காரும் ஏ.எம்5 போர்டு கட்டுப்படியானால் அது, எஸ்.எம்.பி.எஸ் 650 வாட், ராமுக்கு நாலு இடம் உள்ள போர்டு. மூன்று வருடம் கழித்து கார்டை மட்டும் மாற்றினால் போதும். பழைய கார்டைத் தம்பி கம்ப்யூட்டரில் போடலாம்.